கலர் வளையப் பாண்: மூன்றாவது தடவை சரிவந்தது

இரண்டு பெட்டி சீரியல் (காலையில் பாலில் போட்டுச் சாப்பிடும் தானிய வளையம்), ஆறு முட்டை, முக்கால் கிலோ மா. மகளின் பிறந்தநாளுக்கு ஒரேயொரு பாண் செய்ய எனக்குப் போன கணக்கு இது. ஓட்டோக் காசு தனி.

ஈஸ்ட் இல்லாத இனிப்புப் பாண்தான். பேக்கிங் பவுடரில் பொங்கும். பிசையத் தேவையில்லை, ஊறவிடத் தேவையில்லை. உள்ளேயும் மேலேயும் கலர் கலரான வளையச் சீரியல். கேக் அடிக்கத் தெரிந்த எனக்கு இதெல்லாம் ஒரு வேலையா என்று நினைத்ததுதான் பிழை.

முதல் அடி கடையில். வெள்ளவத்தையில் காலி வீதி நெடுகத் தேடியும் வெறும் கோர்ன்ஃபிளேக்ஸ்தான். கடைசியில் வெளிநாட்டுச் சாமான் விற்கும் சின்னக் கடையொன்றில் கிடைத்தது. வீட்டில் பிரித்தால் பழைய எண்ணெய் வாடை, வளையமெல்லாம் நமத்துப்போயிருந்தது. விலை ஸ்டிக்கரை நகத்தால் உரித்துப் பார்த்தேன். அடியில் இருந்த திகதி முடிந்து நாலு மாதம். திரும்ப ஓடினேன்.

"உடைச்ச பெட்டி மாத்த ஏலாது அக்கா."

உடைக்காமல் எப்படித் தம்பி தெரியும் என்று கேட்டேன். அவர் ஃபோனிலிருந்து தலையை எடுக்கவேயில்லை. நீங்கள் வாங்கினால் ஸ்டிக்கரைக் கடையிலேயே உரித்துப் பாருங்கள், முறைத்தால் முறைக்கட்டும்.

இரண்டாவது பெட்டியை வேறு கடையில் வாங்கினேன். செய்முறையில் 350 பாகை என்று இருந்தது. என் மேசை அவணில் 250க்கு மேல் இல்லை. சரி, இருக்கிற அளவுக்கு வைப்போம் என்று முழுவதும் திருகினேன். இருபது நிமிடத்தில் மேலே கரி, உள்ளே கூழ். அது ஃபாரன்ஹீட் என்று அப்புறம்தான் மண்டையில் உறைத்தது. நம் அவணுக்கு 180 போதும்.

அடுத்த தடவை சூடு சரி. ஆனால் சீரியலைக் கலவையில் கொட்டிக் கிளறி முடித்த கையோடு கறண்ட் போய்விட்டது. நாற்பது நிமிடம். அதற்குள் பேக்கிங் பவுடரின் வேகம் பாதி அடங்கிவிட்டது, வளையங்களின் சாயம் முழுக்கக் கரைந்துவிட்டது. வெந்து வந்தது சாம்பல் பச்சையில் ஒரு செங்கல். கீழ்வீட்டு மாமி பார்த்துவிட்டு, "என்ன பிள்ளை, பாசி பிடிச்சிருக்கோ?" என்றார். அதைக் காகங்களுக்குப் போட்டேன். அவையும் யோசித்துத்தான் சாப்பிட்டன.

மூன்றாவதுக்கு முதலில் அவணைச் சூடாக்கினேன். இரண்டு கப் மா, இரண்டு தேக்கரண்டி பேக்கிங் பவுடர் ஒரு பாத்திரத்தில். ஒரு கப் பால், இரண்டு முட்டை, அரைக் கப் உருக்கிய பட்டர் இன்னொன்றில். கப் என்றால் 240 மில்லிலீட்டர், தேநீர்க் கோப்பை இல்லை. செய்முறையில் முக்கால் கப் சீனி. சீரியலே தித்திப்பதால் அரைக் கப் போட்டேன். பட்டரில் உப்பு இருந்ததால் உப்புச் சேர்க்கவில்லை. இரண்டையும் சேர்த்துப் பத்துப் பதினைந்து கிண்டு, அவ்வளவுதான். கட்டி தெரிந்தாலும் விட்டுவிடுங்கள், கூடக் கிண்டினால் றப்பர். சீரியல் ஒரு கப்பைக் கொஞ்சம் மாவில் பிரட்டிக் கடைசி நிமிடத்தில் சேர்த்தேன், அரைக் கப்பை மேலே தூவினேன். அரை மணித்தியாலத்தில் ஃபொயில் தாளால் மூடாவிட்டால் மேல் வளையம் கருகும்.

வீட்டில் அப்பச்சோடா மட்டும்தான் இருக்கிறதென்றால் பாலுக்குப் பதில் தயிர் ஊற்றுங்கள். புளிப்பில்லாமல் அது சரியாகப் பொங்காது, சவர்க்கார ருசியும் வரும்.

ஐம்பத்தைந்தாவது நிமிடம் ஈர்க்குக் குத்திப் பார்த்தேன். சுத்தமாக வந்தது! நன்றாக ஆறவிட்டு வெட்டினால் உள்ளே சிவப்பு, மஞ்சள், பச்சை எல்லாம் தனித்தனிப் புள்ளியாக நின்றன. மேல் வளையம் மொறுமொறுப்பாக இருப்பது அன்றைக்கு மட்டும்தான். கடற்காற்றில் மறுநாளே நமத்துவிடும், அதனால் தேவைப்படும் நாளன்று காலையிலேயே செய்யுங்கள்.

மகள் சிவப்பு வளையங்களை மட்டும் பொறுக்கித் தின்றாள். எல்லா நிறமும் ஒரே ருசிதானம்மா என்று கண்ணை மூடச் சொல்லி ஊட்டிக்கூடக் காட்டினேன். நம்பவில்லை.