மாதா கோயிலுக்குப் பின்னால் ஒரு வகுப்பறை

நெடுநாள் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்புகூட வரலாம் என்பதால், மருத்துவமனையில் தங்கியே குடியை நிறுத்தினேன். 1935இல் அமெரிக்காவின் ஏக்ரன் நகரில் இரு குடிநோயாளிகளின் சந்திப்பில் பிறந்த ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்னும், குடியை விட ஒருவருக்கொருவர் துணைநிற்போரின் அமைப்பு, எங்கள் ஊரில் மாதா கோயிலுக்குப் பின்னாலுள்ள வகுப்பறையில் வாரம் இருமுறை கூடுகிறது என்பதை மருத்துவமனை ஆலோசகர்தான் சொன்னார். கட்டணம் கிடையாது, முழுப்பெயரைச் சொல்ல வேண்டியதில்லை, குடியை விட வேண்டும் என்ற விருப்பம் ஒன்றே உறுப்பினராகப் போதுமானது.

இருந்தும், தெரிந்தவர் எவரேனும் பார்த்துவிடுவாரோ என்று அஞ்சி, இருமுறை வாசல்வரை சென்று திரும்பிவிட்டேன். (மதுக்கடை வரிசையில் நின்ற காலத்தில் இந்த அச்சம் எங்கே போயிருந்ததோ!) மூன்றாம் முறை, எங்கள் தெரு மளிகைக்கடைக்காரரே உள்ளிருந்து எழுந்து வந்து, "வாங்க தம்பி, டீ ஆறிடும்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார்.