துலிப் மரம் வைக்கப் போகிறீர்களா? முதலில் அளவு நாடாவை எடுங்கள்

அமெரிக்காவில் நியூ ஜெர்சியிலிருந்து வட கரோலினா வரை, வீட்டுக்குப் பின்னால் துண்டுக் காடு இருக்கிறவர்கள் பெரும்பாலும் துலிப் மரத்தைப் பார்த்திருப்பார்கள். பூவைப் பார்த்திருக்க மாட்டார்கள். மே மாதம் அது பூக்கும்போது இலை முழுசாக விரிந்திருக்கும். பூவின் நிறமும் பச்சை கலந்த மஞ்சள். இருப்பதோ அறுபது அடி உயரத்தில். இதழின் அடிப்பக்கத்தில் ஓடும் ஆரஞ்சுப் பட்டை, பூ உதிர்ந்து புல்லில் கிடக்கும்போதுதான் கண்ணில் படும். இலையை வைத்து அடையாளம் சொல்வது சுலபம்: நுனி கூராக இருக்காது, கத்தரியால் குறுக்கே வெட்டிவிட்டதுபோல் இருக்கும். நர்சரியில் 'டூலிப் பாப்லர்' என்பார்கள். பாப்லர் இனத்தோடு இதற்கு உறவே இல்லை; நம் செண்பகம் இருக்கிற மக்னோலியா குடும்பம்தான் இதற்கும்.

இந்த மரம் கெட்டுப்போவதற்குப் பாதிக் காரணம் பூச்சியும் இல்லை, நோயும் இல்லை. இடம்தான். தோட்டத்திலேயே 70 முதல் 90 அடி உயரம், 40 அடி அகலம் வளரும். கிரேட் ஸ்மோக்கி மலைக்காட்டில் 190 அடியைத் தாண்டிய மரம் உண்டு. ஜார்ஜ் வாஷிங்டன் 1785இல் தன் பண்ணையான மவுண்ட் வெர்னனில் வைத்த துலிப் மரங்களில் சில இன்னும் நிற்கின்றன. நாற்றாக இருக்கும்போது இதெல்லாம் யாருக்கும் உறைப்பதில்லை. வருடத்துக்கு இரண்டு மூன்று அடி என்று வளர்ந்து, பத்து வருடத்தில் கூரையை எட்டிவிடும்.

வீட்டுச் சுவரிலிருந்து குறைந்தது 40 அடி தள்ளி வையுங்கள். மின்கம்பிக்குக் கீழே வேண்டவே வேண்டாம். கட்டை மென்மையானது, பனிமழையிலும் சூறைக்காற்றிலும் கிளை ஒடியும். கார் நிறுத்தும் இடத்துக்கும் டெக்குக்கும் (வீட்டை ஒட்டிய திறந்த மரத்தளம்) மேலே கிளை வரக்கூடாது. காரணம் கீழே வருகிறது. கால் ஏக்கர் மனையில் சாதா வகையை வைப்பது வீண் வேலை என்பேன். அங்கே 'லிட்டில் வாலன்டியர்' என்ற சிறிய ரகம் போதும், முப்பது நாற்பது அடியோடு நிற்கும். அகலம்தான் பிரச்சினை என்றால் தூண் மாதிரி நேராகப் போகும் 'அர்னால்ட்'.

வேரின் குணம் தெரிந்தால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். துலிப் மரத்தின் வேர் தடித்தது, சதைப்பற்றுள்ளது, சட்டென்று முறியும். சல்லிவேர் குறைவு. இலையுதிர் காலத்தில் தோண்டி நட்டால், அறுபட்ட வேர் குளிர்ந்த மண்ணில் ஆறாமல் அழுகிவிடும். அதனால் அக்டோபர் தள்ளுபடியைப் பார்த்து மயங்காமல், மொட்டு விரிவதற்குச் சற்று முன், மார்ச் கடைசி அல்லது ஏப்ரலில் நடுங்கள். மரமும் பெரிதாக வேண்டாம். தொட்டியில் வளர்ந்த ஐந்தாறு அடிக் கன்று, மண்ணோடு பெயர்த்துச் சாக்கில் கட்டித் தரும் பன்னிரண்டு அடி மரத்தைவிடச் சீக்கிரம் வேர்பிடிக்கும். சில வருடத்தில் உயரத்திலும் அதைப் பிடித்துவிடும்.

தோண்டுவதற்குச் சில நாள் முன்பே 811க்குப் போன் செய்து நிலத்தடிக் குழாய், கேபிள் எங்கே போகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். குழியின் அகலம் வேர்ப்பந்தைப் (வேரும் அதைப் பிடித்த மண்ணும் சேர்ந்த உருண்டை) போல் இரண்டு மூன்று மடங்கு. ஆழம் வேர்ப்பந்தின் உயரத்துக்கு மேல் வேண்டாம். அடித்தண்டு விரிந்து வேராகப் பிரியும் இடம் மண்மட்டத்துக்கு ஓர் அங்குலம் மேலே தெரியவேண்டும். தொட்டிக் கன்றில் அந்த இடமே மண்ணுக்குள் புதைந்து கிடக்கும். மேல்மண்ணை விரலால் வழித்துத் தேடிப் பாருங்கள். சுற்றிச் சுருண்ட வேர் இருந்தால் அங்கேயே வெட்டிவிடவேண்டும். விட்டுவைத்தால் அது பின்னாளில் தண்டை நெரிக்கும். தோண்டிய மண்ணையே திருப்பிப் போடுங்கள், உரம் கலக்கவேண்டாம். மேலே மூன்று அங்குலம் மல்ச் (மரச்சீவல் மூடாக்கு), தண்டைத் தொடாமல். பலரும் தண்டைச் சுற்றி எரிமலை மாதிரிக் குவிக்கிறார்கள். பட்டை அழுகுவது அதனால்தான்.

மண் ஆழமாகவும் ஈரமாகவும் லேசான அமிலத்தன்மையோடும் இருக்கவேண்டும். ஆனால் தண்ணீர் தேங்கக்கூடாது. முதல் இரண்டு கோடைக்கும் வாரம் 15–20 கேலன் தண்ணீர், மெதுவாக. தண்டைச் சுற்றி ஜிப் போட்டு மாட்டும் தண்ணீர்ப் பை சரியாக அந்த வேலைக்கானது. புல்லுக்குப் போடும் ஸ்பிரிங்க்ளரை நம்பாதீர்கள், அது மேல் இரண்டு அங்குலத்தை நனைத்துவிட்டுப் போய்விடும்.

ஜூலை, ஆகஸ்டில் உள்பக்கத்து இலைகள் மஞ்சளாகி உதிர ஆரம்பித்ததும் எல்லோரும் பதறுகிறார்கள். வெயிலில் மண் காய்ந்தால் மரம் தானே இலையைக் கழித்துக்கொள்ளும், இது நோயில்லை. ஆழமாகத் தண்ணீர் விட்டால் போதும். ஆனால் ஒரே ஒரு கிளை மட்டும் திடீரென்று வாடித் தொங்கினால், அந்தக் கிளையை வெட்டிக் குறுக்குவெட்டைப் பாருங்கள். பட்டைக்கு அடியில் பழுப்புக் கோடுகள் இருந்தால் வெர்டிசிலியம் வாடல் என்ற பூஞ்சை நோய் என்று சந்தேகிக்கலாம். அதற்கு மருந்து கிடையாது.

இனி, டெக்குக்கு மேலே கிளை வேண்டாம் என்ற காரணம். அசுவினியும் செதில்பூச்சியும் இலைச்சாற்றை உறிஞ்சிவிட்டுச் சர்க்கரைத் தண்ணீராய்க் கழிக்கும். அது சொட்டி, கார், நாற்காலி, கைப்பிடி எல்லாம் பிசுபிசுக்கும். பிறகு அதன்மேல் கரும்பூசணம் படரும். அசுவினியைப் பொறிவண்டுகள் பார்த்துக்கொள்ளும். துலிப் செதில்பூச்சிதான் வில்லங்கம். கிளையில் எறும்பு வரிசை ஏறுவதைக் கண்டால் அதைப் பின்தொடருங்கள்: கால் அங்குல அளவில், அரைக்கோளமாய், சாம்பலும் ஆரஞ்சும் கலந்த முடிச்சுகள் மெல்லிய கிளைகளில் நெருக்கி ஒட்டியிருக்கும். நகத்தால் நசுக்கினால் ஈரமாகும். குஞ்சுகள் ஊர்வது ஆகஸ்ட் கடைசியிலும் செப்டம்பரிலும். தோட்ட எண்ணெய்த் தெளிப்பு பலிப்பது அப்போது, இல்லையென்றால் மொட்டு விரியுமுன் வசந்தத்தில். ஜூனில் தெளித்தால் காசுக்குத்தான் கேடு. வேரில் ஊற்றும் நியோனிகோட்டினாய்டு வகைப் பூச்சிமருந்தைத் தொடாதீர்கள், அது தேனீக்களுக்கு நஞ்சு. தேனீக்கள் மொய்க்கும் மரம் இது, பூவில் அவ்வளவு தேன். நியூ ஜெர்சியிலும் மேரிலாந்திலும் வீட்டுக்காரர்கள் அந்த மருந்தைத் தோட்டத்தில் பயன்படுத்தச் சட்டமும் இடம் தராது. நைட்ரஜன் உரத்தை அள்ளிப் போட்டால் தளிர் பெருகி, பூச்சியும் பெருகும்.

கவாத்து குளிர்காலக் கடைசியில். நடுத்தண்டு ஒன்றுதான் இருக்கவேண்டும். இரண்டாகப் பிரிந்தால் நோஞ்சானை விரல் தடிமனிலேயே எடுத்துவிடுங்கள். தொடையளவு ஆனபிறகு கவையிலிருந்தே பிளக்கும். மான் நடமாட்டம் இருந்தால் நாலைந்து வருடத்துக்கு ஐந்தடி உயரக் கம்பிவலை கட்டாயம்.

விதையிலிருந்து வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் அக்டோபர், நவம்பரில் கூம்பு பழுப்பானதும் சிறகு விதைகளை உதிர்த்தெடுங்கள். ஈரமணலில் கலந்து, மூடிய பையில் போட்டு, ஃபிரிட்ஜில் மூன்று மாதம். பெரும்பாலான விதை பொக்கு. நூறு போட்டால் ஐந்திலிருந்து பத்து முளைப்பதே வழக்கம். ஆழமான தொட்டியில் விதைத்து, அடுத்த வசந்தத்தில் நிலத்துக்கு மாற்றலாம். பூவுக்குப் பதினைந்து வருடமாவது ஆகும்.