புதிய கட்டணத்தை யார் முடிவு செய்தார்கள் என்று கேட்டோம்

டெல்லியில் எம்.ஏ. இரண்டாம் செமஸ்டருக்குப் பணம் கட்டியபோது ரசீதில் 'கணினி வசதிக் கட்டணம்' என்று புதிதாக ஒரு வரி இருந்தது. நாங்கள் சேர்ந்தபோது வெளியிட்ட பிராஸ்பெக்டஸில் அது கிடையாது. வசதி உள்ளவர்கள் கண்டுகொள்ளவில்லை. ஹாஸ்டலில் எங்களோடு இருந்த தமிழ்நாட்டுப் பிள்ளைகள் சிலருக்கு அது ஒரு மாத மெஸ் பணம். எந்தக் கூட்டத்தில் இதை முடிவு செய்தார்கள், அங்கே மாணவர் ஒருவராவது இருந்தாரா என்பதை எப்படியாவது தெரிந்துகொள்ள வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

துறை அலுவலகத்தில் கேட்டால் அக்கவுண்ட்ஸுக்குப் போகச் சொன்னார்கள். அக்கவுண்ட்ஸில் மாணவர் நல டீனைப் பார்க்கச் சொன்னார்கள். டீன் அலுவலகத்தில் "மேலிடத்து உத்தரவு" என்பதோடு பேச்சு முடிந்தது. எங்கள் பல்கலைக்கழகத்தில் அப்போது மாணவர் பேரவை இல்லை. பக்கத்து வளாகங்களில் தேர்தல் நாளில் கொட்டு முழங்கும்; எங்களுக்காகப் பேச ஆள் கிடையாது.

முனிர்காவில் தங்கி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த ஓர் அக்காவை ஆர்.கே.புரம் மலை மந்திர் முருகன் கோயிலில் அடிக்கடி பார்ப்பேன். அவரிடம் சொன்னேன். "நீ இனிமே வாயால எதுவும் கேக்காத தம்பி. எழுதிக் குடு. டைரி நம்பர் போட்ட காப்பி கையில வராம அந்த ஆபீஸ விட்டு நகராத," என்றார். கூடவே, 2023 ஏப்ரலில் வந்த பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) மாணவர் குறைதீர் விதிமுறைகளையும் படிக்கக் கொடுத்தார்.

அதைப் படித்த பிறகுதான் எங்களுக்குத் தைரியம் வந்தது. சேர்க்கை தொடங்குவதற்கு அறுபது நாள் முன்பே பிராஸ்பெக்டஸ் வெளியாக வேண்டும். மாணவர் கட்ட வேண்டிய ஒவ்வொரு கட்டணமும் தனித்தனியாக அதில் இருக்க வேண்டும். அறிவித்ததற்கு மேல் பணம் கேட்டால் அது பல்கலைக்கழகத்தின் மாணவர் குறைதீர் குழுவுக்கு எடுத்துப்போகக்கூடிய புகார். குழு பதினைந்து வேலை நாட்களுக்குள் அறிக்கை கொடுப்பது நல்லது என்கிறது விதி. அந்த முடிவு ஏற்க முடியாததாக இருந்தால், அது கைக்கு வந்த பதினைந்து நாட்களுக்குள் குழுவுக்கு மேலே உள்ள குறைதீர் அதிகாரியான ஓம்புட்ஸ்பர்சனிடம் மேல்முறையீடு செய்யலாம். அவர் முப்பது நாட்களில் தீர்க்க எல்லா முயற்சியும் எடுக்க வேண்டும்.

புகார் எழுதுவதற்கு முன்பே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் (ஆர்டிஐ) மனு ஒன்று போட்டோம். பத்து ரூபாய் போஸ்டல் ஆர்டரோடு, "இந்தக் கட்டணத்துக்கு ஒப்புதல் அளித்த கூட்டத்தின் தேதியும் மினிட்ஸ் நகலும் வேண்டும்" என்று ஒரே கேள்வி. ஏன் வசூலித்தீர்கள் என்று கேட்டால் விளக்கம் சொல்லித் தப்பிக்கலாம். ஆவணம் கேட்டால் உண்டு, இல்லை என்று இரண்டே பதில்தான். முப்பது நாள் கெடு முடியும் தறுவாயில் பதில் வந்தது: நிர்வாக உத்தரவின்படி வசூலிக்கப்படுகிறது, கூட்டத் தீர்மானம் ஏதும் பதிவேட்டில் இல்லை. எங்கள் வழக்கின் முதுகெலும்பு அந்த ஒரு பக்கத் தாள்.

கையெழுத்து வாங்குவதுதான் மிகவும் கஷ்டமாக இருந்தது. பொய்யான அல்லது அற்பமான புகார் என்றால் புகார் செய்தவர்மேலேயே நடவடிக்கைக்கு ஓம்புட்ஸ்பர்சன் பரிந்துரைக்கலாம் என்று அதே விதிமுறையில் இருக்கிறது. இன்டர்னல் மார்க் ஆசிரியர் கையில் இருக்கிறது. ஊரில் அப்பா கடன் வாங்கிப் படிக்க வைத்திருக்கும் பிள்ளை எப்படித் துணிந்து பெயரைப் போடும்? அவர்களைக் கோழைகள் என்று பேசியவர்கள்மேல் எனக்கு இன்னும் கோபம் உண்டு. புகார்தாரர் தானே வரலாம், அல்லது தன் சார்பில் ஒருவரை அனுப்பலாம் என்று விதி இருப்பதால் வழி கிடைத்தது. பெயர், பதிவு எண், எந்தப் புகாருக்கு, யாருக்கு அதிகாரம், தேதி, கையெழுத்து ஆகியவற்றோடு ஒவ்வொருவரும் தனித்தனியாக அதிகாரக் கடிதம் கொடுத்தார்கள். விசாரணை அறையில் முகம் காட்ட வேண்டியதில்லை என்றதும், தயங்கியவர்களில் பலர் தாங்களாகவே வந்து எழுதிக் கொடுத்தார்கள்.

குறைதீர் குழுவின் விசாரணைக்குப் போனபோது பேராசிரியர்களுக்கு நடுவே மாணவர் ஒருவரும் உட்கார்ந்திருந்தார். நல்ல மார்க் வாங்குபவர், நிர்வாகம் நியமித்தவர். நான் பேசியதைக் கவனமாகக் கேட்டார், ஆனால் எதுவும் சொல்லவில்லை. வெளியே வந்தபோது அவரே என்னிடம் வந்து, "நான் சிறப்பு அழைப்பாளர்தான், கோரத்தில்கூட என்னைச் சேர்க்க மாட்டார்கள்," என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. விதியே அப்படித்தான் இருக்கிறது. படிப்பு, விளையாட்டு, கலை இவற்றில் சிறந்த ஒரு மாணவரை நியமிக்கலாம், அவர் அழைப்பாளர், குழு கூடுவதற்கு மூன்று பேர் வேண்டும் என்ற கணக்கில் அவர் வர மாட்டார்.

இதே யுஜிசி, பாலியல் துன்புறுத்தல் தடுப்புக்கான தன் 2015 விதிமுறைகளில் வேறு மாதிரி எழுதியிருக்கிறது. மாணவர் சம்பந்தப்பட்ட புகார் என்றால் உள் புகார்க் குழுவில் இளங்கலை, முதுகலை, ஆராய்ச்சி நிலைகளிலிருந்து மூன்று மாணவர்கள் இருக்க வேண்டும்; அவர்களை வெளிப்படையான ஜனநாயக முறையில் தேர்ந்தெடுக்க வேண்டும். அவ்வளவு நுட்பமான விசாரணைக்குத் தேர்ந்தெடுத்த மாணவர்கள் பொருத்தமானவர்கள் என்றால், கட்டணப் புகாருக்கு மட்டும் ஏன் நியமனம்? மாணவர் பேரவைத் தேர்தல்களை ஆராய்ந்த லிங்டோ குழு 2006-லேயே, நியமன முறையை வைத்துக்கொள்ள நேரும் இடங்களில்கூட படிப்புத் தகுதியை மட்டும் அடிப்படையாக வைக்க வேண்டாம் என்றும், ஐந்தாண்டுக்குள் தேர்தல் முறைக்கு மாற வேண்டும் என்றும் சொன்னது. அந்த ஆண்டே உச்ச நீதிமன்றம் அந்தப் பரிந்துரைகளை ஏற்று நடைமுறைப்படுத்தச் சொன்னது. லிங்டோ என்றாலே வயது வரம்பும் ஐயாயிரம் ரூபாய் செலவு வரம்பும்தான் வளாகங்களில் பேச்சாகிறது. இந்தப் பகுதியை யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

குழுவின் அறிக்கை கெடு தாண்டித்தான் வந்தது, அதுவும் நினைவூட்டல் கடிதம் கொடுத்த பிறகு. அடுத்த ஆண்டு சேர்பவர்களிடம் பிராஸ்பெக்டஸில் அறிவிக்காமல் வசூலிக்கக் கூடாது என்றிருந்தது. எங்களிடம் வாங்கிய பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மேல்முறையீடு செய்தோம். ஓம்புட்ஸ்பர்சன் பிராஸ்பெக்டஸையும் ஆர்டிஐ பதிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பல்கலைக்கழகத் தரப்பில் வந்தவரிடம், "தீர்மானம் எங்கே?" என்று கேட்டார். அவரிடம் பதில் இல்லை. அந்தத் தொகையை அடுத்த செமஸ்டர் கட்டணத்தில் கழிக்க வேண்டும், இடையில் படிப்பை விட்டவர்களுக்கு வங்கிக் கணக்கில் திருப்ப வேண்டும் என்று உத்தரவு வந்தது. கட்டணத்தில் உடனே கழித்துவிட்டார்கள். படிப்பை விட்டுப் போனவர்களுக்காக மட்டும் அக்கவுண்ட்ஸ் வாசலில் இன்னும் பல தடவை நிற்க வேண்டியிருந்தது.

எங்கள் மனுவில் இன்னொரு கோரிக்கையும் இருந்தது: குறைதீர் குழுவில் வாக்குரிமையோடு, தேர்ந்தெடுத்த மாணவர் ஒருவர் வேண்டும். விதிமுறையைத் திருத்தும் அதிகாரம் தனக்கு இல்லை என்று ஓம்புட்ஸ்பர்சன் சொன்னார். சரிதான். அதனால் 2015, 2023 விதிகளை அருகருகே எழுதி, வகுப்புப் பிரதிநிதிகள் கையெழுத்தோடு யுஜிசிக்கே அனுப்பினோம். பெற்றுக்கொண்டதாக ஒப்புகை வந்திருக்கிறது. அந்தக் கடிதத்தின் நகலை அடுத்த பேட்ச் பிரதிநிதிகளிடம் கொடுத்திருக்கிறேன். தங்கள் கையெழுத்தையும் சேர்த்து மறுபடி அனுப்பப்போகிறார்கள்.