மீன் தொட்டியில் அடை

ஜூலை 14
அண்ணனுக்கு 28 வரை காவல் என்று செய்தியில் சொன்னார்கள். அம்மா டிவியை அணைத்துவிட்டாள்.

ஜூலை 15
விடியக்காலையில் கீரி வந்து அடைக்கோழியைத் தூக்கிவிட்டது. இன்றைக்குத்தான் முட்டை வைப்பதாக இருந்தது. மற்ற இரண்டும் முட்டை போடும், ஆனால் உட்காராது. மதினி கடகத்தைக் காட்டி, "உங்கண்ணன் வந்து குஞ்சு எங்கன்னு கேட்டா என்ன சொல்ல?" என்றாள். பத்து முட்டை இருக்கிறது. ஒரு வாரத்துக்கு மேல் போனால் பொரிப்பது குறையும்.

ஜூலை 16
அண்ணனின் மீன் தொட்டி. இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். போதும். தங்க மீன் மூன்றையும் பழைய அன்னக்கூடைக்கு மாற்றினேன்.

உள்ளே எட்டு விரல் உயரத்தில் வெள்ளையாக ஒரு கோடு, தண்ணீர் நின்ற கறை. வினிகர் ஊற்றித் தேய்க்கப் போனேன். "அது இருக்கட்டும்" என்றாள் மதினி. சரி, இருக்கட்டும்.

ஜூலை 17
ராம்நாட்டுக்குப் போய் வந்தேன். குண்டு பல்பு கேட்டால் எல்லாக் கடையிலும் எல்இடியை எடுத்து நீட்டுகிறார்கள். அது வெளிச்சம் கொடுக்கும், சூடு கொடுக்காது. எனக்கு வேண்டியது மற்றவர்கள் வீண் என்று சொல்கிற அந்தச் சூடுதான். நாலாவது கடையில், தூசி படிந்த பெட்டியிலிருந்து 40 வாட் பல்பு இரண்டு எடுத்துக் கொடுத்தார். ஒன்று போனால் இன்னொன்று எரிய வேண்டும். தெர்மோஸ்டாட் போர்டு, ஈரப்பத மீட்டர், அடாப்டர். பழைய கம்ப்யூட்டரின் ஃபேன் வீட்டிலேயே இருந்தது.

ஜூலை 18
கண்ணாடி சூட்டை நிறுத்தாது, வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். நண்டு அனுப்புகிற தெர்மாகோல் பெட்டிகளை கம்பெனியில் கேட்டு வாங்கி வந்து, பலகையாக அறுத்து மூன்று பக்கமும் ஒட்டினேன். முன்பக்கம் மட்டும் பார்க்க வேண்டுமே என்று விட்டுவிட்டேன். மூடியில் ஆறு ஓட்டை, முட்டை ஓட்டின் வழியாகக் குஞ்சு மூச்சு விடும். வீடு முழுக்க நண்டு வாடை.

ஜூலை 19
மீட்டரை நம்பக்கூடாது. ஒரு மூடியில் வாலிநோக்கம் உப்பைச் சொதசொதவென்று நனைத்து, மீட்டரோடு சேர்த்து ஜிப் கவரில் போட்டு ராத்திரி முழுக்க வைத்தேன். ஈர உப்புக்கு 75 சதவீதம் காட்ட வேண்டும். காட்டியது 68. ஆக, எப்போதும் ஏழு கூட்டிக்கொள்ள வேண்டும்.

சென்சாரும் அப்படித்தான். காய்ச்சல் தெர்மாமீட்டரோடு வெதுவெதுப்பான தண்ணீரில் முக்கிப் பார்த்தேன். இது 99.5, அதாவது 37.5. போர்டில் 36.9. தெரியாமல் விட்டிருந்தால் 21 நாளும் அரை டிகிரிக்கு மேல் கூடுதலாகவே வெந்திருக்கும்.

ஜூலை 20
சாயங்காலம் ஆறு மணிக்கு வைத்தோம். பதினாலு சேர்ந்திருந்தது, அப்பத்தா ஒற்றைப்படைதான் வேண்டும் என்று பக்கத்து வீட்டில் ஒன்று வாங்கி வந்தாள். பென்சிலால் எண் போட்டு, ஒரு பக்கம் பெருக்கல், மறுபக்கம் வட்டம். பேனா மை உள்ளே இறங்கும். திருப்புவது காலை 6, மதியம் 2, இரவு 10. மூன்று முறை என்றால் ராத்திரி மேலே கிடக்கும் பக்கம் தினமும் மாறும்.

அப்பத்தா ஓர் ஆணியும் கரித்துண்டும் கொண்டுவந்தாள், இடி விழுந்தால் கூமுட்டையாகாமல் இருக்க. ஆடி மாதம் இங்கே ஏது இடி? வாதாடாமல் மூலையில் போட்டேன்.

ஜூலை 22
போர்டு டிக் என்றால் பல்பு எரியும், டிக் என்றால் அணையும். ராத்திரி முழுக்க எண்ணிக்கொண்டு கிடந்தேன்.

ஜூலை 24
கச்சான் காற்றில் எங்கோ ஒயர் அறுந்து 11.30க்கு கரண்ட் போனது. டிக் சத்தம் நின்றதும் நானும் மதினியும் ஒரே நேரத்தில் எழுந்தோம். வெந்நீர் பாட்டில் நாலு உள்ளே வைத்தோம். மேலே போர்த்த அண்ணனின் கைலியைக் கொண்டுவந்தாள். 3.10க்கு வந்தபோது 31 டிகிரி.

"அங்க போர்த்திக்க ஏதாச்சும் குடுப்பாங்களா?" என்றாள். என்னிடம் கேட்டாளா என்றுகூடத் தெரியவில்லை.

ஜூலை 26
மீன் ஒன்று மிதந்தது. மதினி எழுவதற்குள் முருங்கை மரத்தடியில் புதைத்துவிட்டேன்.

ஜூலை 27
ஏழாம் நாள். இருட்டில் டார்ச் அடித்துப் பார்த்தோம். அட்டையில் ஓட்டை போட்டு, அதன்மேல் முட்டையின் பருத்த முனை. சிவப்பு நரம்புகள் சிலந்தி மாதிரி விரிந்து, நடுவே ஒரு கரும்புள்ளி துள்ளுகிறது. 15இல் நாலு வெறும் முட்டை, பக்கத்து வீட்டு முட்டையும் அதில் ஒன்று. அப்பத்தாவிடம் சொல்லவில்லை. 9ஆம் எண்ணை மதினி கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். ஆறிப்போகும் என்று நான் சொல்ல வேண்டியிருந்தது.

ஜூலை 28
காவல் ஆகஸ்ட் 11 வரை.

ஆகஸ்ட் 1
மதியம் 39.1. பல்பு அணைந்தே இருக்கிறது, ஆஸ்பெஸ்டாஸ் கூரைதான் அடைகாக்கிறது. குளிரை ஒருமாதிரி தாங்கிவிடும், சூடுதான் எமன். மூடியைத் திறந்து, சுற்றிலும் ஈரச்சாக்கு போட்டு, தொட்டியைத் திண்ணைப் பக்கம் நகர்த்தினோம். இந்த வீட்டைக் கட்டியவனைச் சொல்ல வேண்டும். அதுவும் அண்ணன்தான்.

ஆகஸ்ட் 3
ஆடிப் பதினெட்டு. மதினி கயிறு மாற்றிக்கொள்ளவில்லை. வந்ததும் மாத்திக்கிறேன் என்றாள்.

கூடையில் மீனை எண்ணினாள். என்னைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 7
பதினெட்டாம் நாள். இனி திருப்பக்கூடாது. இன்னொரு கிண்ணம் தண்ணீர் வைத்தேன், ஈரப்பதம் அந்த ஏழையும் கூட்டி 68. இரவு பத்து மணிக்கு கை தானாகத் தொட்டிப் பக்கம் போகிறது.

ஆகஸ்ட் 9
9ஆம் எண் அசைகிறது. காதை வைத்தால் உள்ளே தட்டுகிற சத்தம். அம்மா நம்பவில்லை, வந்து காதை வைத்தாள், அப்புறம் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

ஆகஸ்ட் 10
மதியம்: 9இல் நட்சத்திரம் மாதிரி விரிசல், பச்சரிசி அளவுக்கு ஓடு தூக்கிக்கொண்டு நிற்கிறது. இனி அரை நாள் ஆகலாம், ஒரு நாளும் ஆகலாம். மூடியைத் திறந்தால் ஈரம் போய், சவ்வு காய்ந்து குஞ்சோடு ஒட்டிக்கொள்ளும். திறக்காதே, திறக்காதே என்று மதினியிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். அவள் கை மடியில்தான் இருக்கிறது.

நாளைக்கு எத்தனை மணிக்கு என்று யாருக்கும் தெரியவில்லை.

இரவு 9.20: கரண்ட் போய்விட்டது. மதினி கைலியை எடுத்து வருகிறாள்.