கூல்டிரிங்க்ஸ் பெட்டிக்குள் பேரிக்காய் மரம்: மூன்றாம் வருடம்

பூத்துவிட்டது. இரண்டே கொத்து, மொத்தம் 12 பூ. காரைக்குடிக்குப் பக்கத்தில், மாசி வெயிலில், இரண்டாம் கட்டு முற்றத்தில் வைத்த பெயின்ட் வாளியில் ஒரு பேரிக்காய் மரம் பூத்திருக்கிறது. வெள்ளை இதழ், நடுவில் கருஞ்சிவப்பாக மகரந்தப் பைகள். கிட்டே போய் மோந்தால் லேசான மீன் வாடை. பேரிப் பூவின் வாசமே அதுதான். வீட்டில் நம்பவில்லை. "பூனை எதையோ கொண்டாந்து போட்டிருக்குங்க" என்று வாளியைச் சுற்றித் தேடினாள்.

மரம் கொடைக்கானல் மலையில் ஒரு நர்சரியில் வாங்கியது. 'கீஃபர்' ரகம் என்று அட்டை கட்டிக் கொடுத்தார்கள். பக்கத்தில் இருந்த வேறு மாதிரி இலைக் கன்றுக்கும் அதே கையெழுத்தில் அதே அட்டை. கேட்டால், "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்றார்கள். ஒன்று இல்லை. பேரி பூக்க வேண்டுமானால் ஏழு டிகிரியை ஒட்டிய குளிரில் இத்தனை மணி நேரம் என்று உறங்கி எழ வேண்டும். கீஃபருக்கு 350, 400 மணி நேரக் குளிர் போதும். ஐரோப்பிய ரகமாக இருந்தால் ஆயிரம்கூடக் கேட்கும். என் மரம் எது என்று இன்றுவரை தெரியாததால்தான் இவ்வளவு பாடு. மார்கழி ராத்திரியிலேயே நமக்கு இருபது டிகிரிக்குக் கீழே அதிகம் இறங்காது. ஏழு டிகிரிக்கு எங்கே போவது?

முதல் வருடம் குறுக்கு வழி பார்த்தேன். கிழக்கு ஜாவாவில் பாத்து என்ற ஊர்ப்பக்கம் ஆப்பிள் அறுவடை முடிந்ததும் இலைகளைக் கையால் உருவிவிட்டு, மரத்தை உறங்கவே விடாமல் வருடத்துக்கு இரண்டு காய்ப்பு எடுக்கிறார்கள். நானும் ஐப்பசி மழை விட்டதும் உட்கார்ந்து உருவினேன். இரண்டு வாரத்தில் புது இலை தளதளவென்று வந்தது. பூ ஒன்றுகூட இல்லை. அவர்கள் ஊர் மலை மேல் இருக்கிறது என்பதை வசதியாக மறந்திருந்தேன்.

அப்புறம்தான் பெட்டி யோசனை. முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய தூணும் எனாமல் சட்டியும் பேரம் பேசுகிறவர்களுக்கு நடுவில் நான் மட்டும் "பழைய கூல்டிரிங்க்ஸ் பெட்டி கிடைக்குமா" என்று கேட்டுத் திரிந்தேன். சிரித்தார்கள். கடைசியில் ஒரு காயலான் கடையில் கிடைத்தது, ரூ. 4,500. கண்ணாடிக் கதவு, கேஸ் நிரப்பித்தான் ஓடியது. தட்டுகளைக் கழற்றினால் நாலரை அடி உயரம். மரம் அதற்குள் அடங்க வேண்டும் என்று கிளைகளைச் சணல் கயிறு போட்டுப் படுக்கை வாட்டத்தில் இழுத்துக் கட்டினேன். படுத்த கிளையில்தான் பூமொட்டு சீக்கிரம் கட்டும், அதனால் இது நஷ்டமில்லாத வேலை.

இரண்டாம் வருடத் தோல்வியைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பெட்டியோடு வந்த திருகு தெர்மோஸ்டாட்டை நம்பக்கூடாது என்று எஸ்டிசி 1000 என்ற டிஜிட்டல் வெப்பநிலைக் கட்டுப்பாட்டுக் கருவி வாங்கி மாட்டினேன். அளவு 5 டிகிரி, ஏற்ற இறக்கம் 1 டிகிரி, கம்ப்ரசர் தாமதம் 3 நிமிடம். எல்லாம் சரி. சென்சார் வயரை மட்டும் கதவோரம் தொங்கவிட்டேன், உள்ளே நுழைக்க அதுதான் சுலபம் என்று. திரையில் எப்போது பார்த்தாலும் 5. எனக்கு ஒரே பெருமை. கதவோரம் 5 என்றால் பின்சுவரோரம் என்ன? ஒருநாள் சாதாரணத் தெர்மாமீட்டரை வாளிக்குப் பின்னால் வைத்துப் பார்த்தேன். பூஜ்யத்துக்குச் சற்றுக் கீழே. மண்ணின் ஒரு பக்கம் கல்லாக இறுகியிருந்தது.

இதில் இரண்டு சேதம். ஒன்று வேர். கிளை தாங்குகிற குளிரை வேர் தாங்காது. தரையில் நிற்கிற மரத்துக்கு மண் போர்வை உண்டு, வாளியில் நிற்பதற்கு ஏது? இன்னொன்று, குளிர் கூடினால் கணக்கும் கூடும் என்று நினைத்திருந்தேன். கூடாது. 1974இல் அமெரிக்காவின் யூட்டாவில் பீச் மரத்துக்காகப் போட்ட கணக்கு ஒன்று உண்டு. அதன்படி இரண்டரையிலிருந்து ஒன்பது டிகிரி வரை இருக்கும் மணிதான் முழு மணி. ஒன்றரைக்குக் கீழே போனால் அந்த மணிக்கு மதிப்பே இல்லை. பதினாறைத் தாண்டினால் சேர்த்ததிலிருந்து கழிவு. ஆக நான் கரண்ட் பில் கட்டி ஐஸ் பிடித்த மணிகளில் பாதி செல்லாக்காசு. அந்த வருடம் பின்பக்கக் கிளை ஒன்று கருகியது, நுனியில் மட்டும் நாலு இலை.

இந்த வருடம் செய்த மாற்றம் பெரிதாக ஒன்றுமில்லை. 200 மில்லி தண்ணீர் பாட்டிலின் மூடியில் ஓட்டை போட்டு, சென்சாரை உள்ளே முக்கி, பாட்டிலைக் கிளைகளின் நடுவில் தொங்கவிட்டேன். கதவைத் திறந்து மூடினால் காற்றுதான் சட்டென்று மாறும், தண்ணீர் மாறாது. கம்ப்ரசரும் தொட்டதற்கெல்லாம் துடிக்காது. கம்ப்யூட்டரில் கழற்றிய சின்ன விசிறி ஒன்று உள்ளே சுற்றிக்கொண்டே இருந்தது. அடியில் உறைய வைத்த இரண்டு லிட்டர் பாட்டில் மூன்று. தைக்கு முன்னால் ஒருநாள் மூன்று மணி நேரம் கரண்ட் போயும் 9 டிகிரியைத் தாண்டவில்லை. கண்ணாடிக்குச் சாக்குத் திரை. பத்து நாளைக்கு ஒருமுறை அரை டம்ளர் தண்ணீர், அதுவும் ஆழ்துளை உப்புத் தண்ணீர் இல்லை, முற்றத்து அண்டாவில் பிடித்த மழைத் தண்ணீர்.

டிசம்பர் 5இல் உள்ளே போனது, ஜனவரி 20இல் வெளியே வந்தது. 46 நாள், 1,104 மணி. ரகம் தெரியாததால் கை தாராளம். நடுவில் பொங்கலுக்கு வந்த வாழைத்தாரை அதற்குள் வைக்கப் பார்த்தார்கள். பழுக்கிற பழம் விடும் வாயு மொட்டைக் கெடுக்கும் என்று சண்டை போட்டுத் தடுத்தேன். பக்கத்து வீட்டு ஆச்சி வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, மரத்துக்குக் காய்ச்சலா? பொட்டிக்குள்ள வச்சிருக்க?" என்று கேட்டதை ஊரே சொல்லிச் சிரிக்கிறது.

மகள் இருப்பது ஸ்காட்லாந்தில், ஃபைஃப் பக்கம். மாப்பிள்ளை வீட்டுத் தெற்குப் பார்த்த கற்சுவரில் 'கான்ஃபரன்ஸ்' ரகத்தைச் சுவரோடு சேர்த்துப் படர விட்டிருக்கிறார். 1885இல் இங்கிலாந்தில் நடந்த பேரிக்காய் மாநாட்டை வைத்து வந்த பெயர் அது. அங்கே குளிருக்குப் பஞ்சமில்லை. பூத்த பிறகு ஏப்ரலில் விழும் உறைபனிதான் எமன். மைனஸ் இரண்டிலேயே விரிந்த பூ சாக ஆரம்பிக்கும். ராத்திரி எழுந்து மரத்துக்குத் துணி போர்த்துகிறார். "மாமா, நான் குளிரை விரட்டப் பாடுபடுறேன், நீங்க காசு குடுத்து வாங்குறீங்க" என்கிறார். சுவர்ச் சூடு ராத்திரியிலும் மரத்துக்குப் போய்ச் சேர்கிறதாம். எங்கள் முற்றச் சுவரும் ராத்திரி பத்து மணிவரை சுடும். அந்தச் சூட்டைப் பார்சல் அனுப்ப வழியிருந்தால் நன்றாக இருக்கும்.

சரி, பூவுக்கு வருகிறேன். பேரிக்குப் பெரும்பாலும் வேறு ரக மகரந்தம் வேண்டும். இங்கே தேனீ வந்து பார்த்தது, உட்காரவில்லை. பேரிப் பூத்தேனில் சர்க்கரை குறைவு என்பதால் அது எங்கேயும் அவ்வளவாக மதிக்காது. கொடைக்கானலில் நண்பர் தோட்டத்தில் நாட்டுப் பேரி அதே சமயம் பூத்திருந்தது நல்லதாயிற்று. விரியப் போகும் மொட்டுகளிலிருந்து மகரந்தப் பைகளை உதிர்த்துக் காய வைத்து, மாத்திரை டப்பாவில் சிலிக்கா பொட்டலத்தோடு மதுரை வழியாகப் பஸ்ஸில் கொடுத்துவிட்டார். மயில் இறகு நுனியால் இரண்டு நாள், காலை ஒன்பது மணிக்குள், 12 பூவுக்கும் தடவினேன். மிச்ச மகரந்தம் ஃப்ரீசரில், ஐஸ்கிரீம் டப்பாவுக்குப் பின்னால்.

அடுத்த வருடத்துக்கு ஒரு சீமை மாதுளை (குயின்ஸ், பேரிக்கு உறவு) வேர்ச்செடி சொல்லி வைத்திருக்கிறேன். அதில் ஒட்டுக் கட்டினால் மரம் குட்டையாக நிற்கும், பெட்டிக்குள் இரண்டு வைக்கலாம். எல்லா ரகமும் அதில் ஒட்டாது, வில்லியம்ஸ் போன்றவற்றுக்கு நடுவில் இன்னொரு ரகத்துண்டு வைக்க வேண்டும். அந்த ஒட்டுக்கத்தி விவகாரத்தைத் தனியாக எழுதுகிறேன்.

இன்று காலை நிலவரம்: முற்றத்தில் பதினோரு மணிக்கு 35 டிகிரி, நிழல்வலை கட்டியாயிற்று. இதழ் எல்லாம் கொட்டிவிட்டது. பத்துக் காம்பு மஞ்சள், விரல் பட்டால் விழுகிறது. இரண்டு இன்னும் பச்சை. அதில் ஒன்றின் அடி மிளகளவு தடித்திருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. வீட்டில் கேட்டால், நேற்றும் அப்படித்தான் இருந்தது என்கிறாள்.