மெயின் ரோட்டு முகவரி, பக்கத்துத் தெரு மேன்ஹோல்: கழிவுநீர் இணைப்பு வாங்கிய கதை

பாதாளச் சாக்கடை இணைப்புக்கு அலையப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சொத்துவரி ரசீது, பத்திர நகல், வரைபடம் எல்லாம் அப்புறம் எடுத்து வைக்கலாம். முதலில் உங்கள் வீட்டைச் சுற்றியுள்ள ரோடு ஒவ்வொன்றும் யாருடையது, குழாய் எந்த ரோட்டில் ஓடுகிறது என்று பார்த்துவிடுங்கள். எங்கள் வேலை அதில்தான் மாட்டிக்கொண்டு நின்றது.

எங்களுடையது தென்சென்னைப் புறநகரில் ஒரு கார்னர் மனை. முன்னால் மாநில நெடுஞ்சாலை, பக்கவாட்டில் உள்ளாட்சித் தெரு. கதவு எண் மெயின் ரோட்டில் இருக்கிறது. புதிதாகப் போட்ட கழிவுநீர்க் குழாயும் மேன்ஹோலும் பக்கத்துத் தெருவில் இருக்கின்றன. 2015 வெள்ளத்தில் செப்டிக் டேங்க் மூழ்கியதிலிருந்து ஐப்பசி, கார்த்திகை வந்தாலே கீழ்வீட்டுக் கழிவறையில் தண்ணீர் இறங்காது. களக் களக்கென்று சத்தம் போட்டுவிட்டு மேலே ஏறும். அதனால் தெருவில் குழாய் வந்தவுடனே வீட்டில் எல்லோருக்கும் அவசரம்.

விண்ணப்பம் ஆன்லைனில் போட்டது சுலபமாகவே முடிந்தது. அதற்கப்புறம் கோப்பு ஒரு எழுத்தரிடம் போனது.

"மெயின் ரோடுன்னு இருக்கு சார். ஹைவேஸ் என்ஓசி கொண்டாங்க." அதாவது நெடுஞ்சாலைத் துறையின் தடையில்லாச் சான்று.

குழாய் பக்கத்துத் தெருவில் போகிறது, நெடுஞ்சாலையைத் தொடவே போவதில்லை என்றேன். மேன்ஹோலை போட்டோ எடுத்துக்கொண்டு போயிருந்தேன், போனை நீட்டினேன். அவர் திரும்பியும் பார்க்கவில்லை. "சிஸ்டத்துல அட்ரஸ் என்னவோ அதுதான் சார்" என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்.

சரி, என்ஓசியே வாங்கிவிடுவோம் என்று நெடுஞ்சாலைத் துறை அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த பொறியாளர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "எங்க ரோட்டுல நீங்க ஒரு அடிகூட வெட்டப்போறதில்ல. வெட்டாத ரோட்டுக்கு நான் என்னன்னு அனுமதி எழுதறது?" அவர் கேட்டதும் நியாயம்தான். அதையே ஒரு தாளில் எழுதித் தாருங்கள் என்றதற்கு, அப்படி ஒரு கடிதம் கொடுக்க வழியில்லை என்றார். ஆனால் வெறும் கையோடு அனுப்பவில்லை. "கவுன்ட்டர்ல நின்னு பேசாதீங்க. உங்க ஏரியா ஜேஇ, அதான் ஜூனியர் இன்ஜினியர், ஸ்பாட் பார்த்து ஸ்கெட்ச் போடட்டும். எங்க வெட்டுறோம்னு ஸ்கெட்ச்தான் சொல்லும், டோர் நம்பர் சொல்லாது." இந்த ஒரு வரியை அந்த எழுத்தரே சொல்லியிருந்தால் எனக்குப் பாதி பெட்ரோல் மிச்சமாகியிருக்கும்.

இதில் இன்னொரு நெருக்கடி நாள் கணக்கு. வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால், பெரும்பாலும் செப்டம்பர் கடைசியோடு, எங்கள் பக்கம் ரோடு கட் அனுமதியை நிறுத்திவிடுவார்கள். விட்டால் பொங்கலுக்கு அப்புறம்தான். நான் ஆகஸ்டில் இல்லாத என்ஓசிக்காக அலைந்துகொண்டிருந்தேன். வேலை இருப்பவர்கள் கோடையிலேயே மனுப் போட்டுவிடுங்கள்.

ஜேஇயை மதியத்தில் அலுவலகத்தில் தேடுவது வீண், எப்போதும் மீட்டிங்கில்தான் இருப்பார். காலையில் வார்டில் எங்கே வேலை நடக்கிறது என்று விசாரித்து அங்கேயே போய்ப் பிடித்தேன். மனுஷர் தங்கமானவர். வந்து பார்த்து, மேன்ஹோலிலிருந்து எங்கள் காம்பவுண்டு வரை டேப் பிடித்து, ஒரு தாளில் படம் போட்டு, 'உள்ளாட்சி சாலை மட்டும்' என்று எழுதிக் கையெழுத்துப் போடப் போனார். அப்போதுதான் நிமிர்ந்து மாடியைப் பார்த்தார்.

மொட்டைமாடி மழைநீர்க் குழாய் நேராகக் கழிவுநீர் சேம்பரில் இறங்கியிருந்தது. முன்பு மாடிக்குத் தளம் போட்ட கான்ட்ராக்டர் செய்துவிட்டுப் போன வேலை. "இதை எடுத்தாத்தான் சார் கையெழுத்து" என்றார். இதில் எனக்குக் கோபமே வரவில்லை. சாக்கடைக் குழாயின் அளவு வீட்டில் புழங்கும் தண்ணீருக்குக் கணக்குப் போட்டது. தெருவில் எல்லா மாடித் தண்ணீரும் அதில் சேர்ந்தால் மேன்ஹோல் மூடி எகிறும், இருப்பதிலேயே தாழ்வான வீட்டுக் கழிவறை வழியாகத் தண்ணீர் எதிர்த்து வரும். எங்கள் தெருவில் அந்தத் தாழ்வான வீடு எது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் 2003லேயே மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிவிட்டார்கள். எங்கள் வீட்டிலும் குழி இருந்தது, சேறு மூடிக் கிடந்தது. அதைத் தூர்வாரி, மாடிக் குழாயை அதில் திருப்பிவிட்டு, குழி நிரம்பி வழிவதை மட்டும் மழைநீர் வடிகாலுக்கு விட்டோம்.

இதற்கிடையில் பிளம்பர் ஒரு குறுக்குவழி சொன்னார். "எதுக்கு சார் இவ்வளவு அலைச்சல்? முன்னாடி மழைநீர்க் கால்வாய்ல விட்டுடலாம், ராத்திரியோட ராத்திரியா முடிச்சுடறேன்." அந்தக் கால்வாய் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போவதில்லை, நேராக ஏரிக்கும் ஆற்றுக்கும் போகிறது. தெரிந்தால் குழாய் வாயில் சிமெண்ட் வைத்து அடைத்துவிட்டு அபராதமும் போடுவார்கள். அப்புறம் வீட்டுக் கழிவெல்லாம் வீட்டுக்குள்ளேதான் நிற்கும்.

யாரும் கேட்காத, ஆனால் எல்லாவற்றையும்விட முக்கியமான விஷயம் மட்டம். விண்ணப்பத்தில் அதற்கு ஒரு கட்டம்கூடக் கிடையாது. தெருவில் சுரண்டாமல் மேலே மேலே தார் போட்டு ரோடு உயர்ந்துவிட்டது, வீடு அங்கேயே இருக்கிறது. பணம் கட்டுவதற்கு முன்னால் மேஸ்திரியைக் கூட்டிவந்து டியூப் லெவல் பார்த்தோம். கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையைக் கழிவறை வாசலிலும் மறுமுனையை கேட் தூணிலும் பிடித்து, தண்ணீர் ஆடி அடங்கும் வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டு, தூணில் பென்சிலால் ஒரு கோடு போட்டார். மேன்ஹோலை ஜேஇயின் ஆள் திறந்து காட்டினார். தெருவில் நின்றபடியே கம்பி விட்டு, குழாயின் அடிமட்டம் எவ்வளவு ஆழம் என்று அளந்தோம். நாலு இஞ்சுக் குழாய்க்கு ஏறத்தாழ 60 அடிக்கு ஒரு அடி வாட்டம் (சரிவு) வேண்டும். எங்களுக்கு 40 அடி ஓட்டம், அதாவது 8 இஞ்ச் இறக்கம். மயிரிழை மிச்சத்தில் கிடைத்தது. பின்வீட்டு மாமா இதைப் பார்க்காமல் பணம் கட்டிவிட்டார். அவர் வீட்டுக் கீழ்த்தளத்துக்கு வாட்டம் கிடைக்கவில்லை. இப்போது தொட்டி கட்டி மோட்டார் வைத்து ஏற்ற வேண்டும் என்கிறார்கள். வாட்டம் கிடைத்தாலும் காம்பவுண்டுக்கு உள்ளே, தெருத் தண்ணீர் எதிர்த்து வராமல் தடுக்கும் ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு போடுங்கள். அதையும் திறந்து கழுவ முடிகிற சேம்பரில் போடுங்கள், தரைக்கடியில் புதைத்துவிடாதீர்கள்.

ஸ்கெட்ச் கோப்பில் ஏறியதும் என்ஓசிப் பேச்சே எழவில்லை. அதே எழுத்தர், ஒன்றும் நடக்காததுபோல, பணம் கட்டச் சொல்லும் டிமாண்ட் நோட்டீஸை அச்செடுத்துக் கொடுத்தார். ரோடு கட் நிற்பதற்குச் சற்று முன்னால் பள்ளம் தோண்டி, குழாய் இறக்கி, அன்று மாலையே மூடிவிட்டார்கள்.

பழைய செப்டிக் டேங்கை அப்படியே விடக்கூடாது. "ஆள் இறக்கி வழிச்சு எடுத்துடலாம்" என்று ஒருவர் வந்தார், திருப்பி அனுப்பிவிட்டோம். கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றம், அதைவிட முக்கியம் விஷவாயு. உரிமம் உள்ள லாரியை மட்டும் கூப்பிடுங்கள், 14420 உதவி எண்ணில் கேட்கலாம். உறிஞ்சி எடுத்தபின் மணல் கொட்டி மூடினோம்.

பாக்கி இருப்பது ஒன்றுதான். சாலை சீரமைப்புக் கட்டணமும் சேர்த்துத்தான் வாங்கினார்கள். வெட்டிய இடத்தில் இன்னும் ஜல்லிதான் கிடக்கிறது, போன வாரம் ஒரு ஸ்கூட்டர் சறுக்கியது. போய்க் கேட்டால், அது வேறு செக்‌ஷனாம். தேதி தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து, ரசீது நகலோடு புகார் போட்டு எண் வாங்கி வைத்திருக்கிறேன்.