லோ கார்ப்பும் ஞாயிற்றுக்கிழமைக் கொத்தும்

கிழமையில் ஆறு நாள் சோறு, பாண், சீனி என்று மாப்பொருளை (கார்போஹைட்ரேட்) குறைத்துச் சாப்பிட்டுவிட்டு ஏழாம் நாள் "சீட் டே" என்று பெயர் வைத்து ஆசைப்பட்டதையெல்லாம் சாப்பிடலாமா? இப்படி லோ கார்ப் சாப்பாட்டுக்கு மாறின யாரைக் கண்டாலும் இரண்டாவது கிழமையிலேயே இந்தக் கேள்வி வந்துவிடும். திருகோணமலை டச் பே கடற்கரைப் பக்கம் பின்னேரத்தில் நடக்கிற எங்கள் கூட்டத்தில் இதைப் பற்றிப் பேசாத நாள் குறைவு. "சீட் டே வைச்சாத்தான் அக்கா எடை குறையும், இல்லாட்டி உடம்பு பழகிப்போயிடும்" என்று ஒரு தங்கச்சி யூடியூப்பில் பார்த்ததை வைத்து அடித்துச் சொல்லுவாள். நான் ஒத்துக்கொள்வதில்லை. கிழமைக்கொரு சீட் டே கெடுதல் என்பதுதான் என் எண்ணம். ஆனால் அதற்குப் பலரும் சொல்கிற காரணம் வேறு, எனக்குப் படுகிற காரணம் வேறு, அதனால்தான் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் தராசுக் கணக்கு. ஞாயிறு வயிறார இடியப்பமும் கொத்தும் சாப்பிட்டவர் திங்கள் காலை தராசில் ஏறினால் ஒன்றரைக் கிலோ கூடக் காட்டும், அவ்வளவுதான், மனம் விட்டுப்போய்விடும். அது கொழுப்பு இல்லை. ஒரு கிலோ கொழுப்புச் சேர வேண்டுமென்றால் தேவைக்கு மேல் ஏறக்குறைய 7700 கலோரி உள்ளே போயிருக்க வேண்டும், ஒரு நாளில் அவ்வளவு சாப்பிடுவது லேசில்லை. நாங்கள் சாப்பிடுகிற மாப்பொருளில் ஒரு பங்கை உடம்பு கிளைக்கோஜனாக்கிச் சேமித்துக்கொள்கிறது: ஈரலில் 100 கிராம் அளவு, தசைகளில் 400 கிராம் அளவு. அதில் ஒவ்வொரு கிராமும் தன்னோடு மூன்று கிராம் அளவு தண்ணீரையும் பிடித்து வைத்திருக்கும். லோ கார்ப் தொடங்கின முதல் கிழமையில் மளமளவென்று இறங்கினதில் பெரும்பங்கு இந்தத் தண்ணீர்தான், இப்போது திரும்பி ஏறினதும் அதே தண்ணீர்தான். கடைச் சாப்பாட்டு உப்பும் அதோடு சேர்ந்துகொள்ளும், விரலில் மோதிரம் இறுகுவதும் காலையில் முகம் ஊதியிருப்பதும் அதனால்தான். ஆகவே திங்கட்கிழமை இலக்கத்தைப் பார்த்து யாரும் அழ வேண்டாம், அன்றைக்குத் தராசில் ஏறாமல் விடுவதே நல்லது.

கீட்டோசிஸில், அதாவது மாப்பொருளை மிகவும் குறைத்து, கொழுப்பிலிருந்து வருகிற கீட்டோனை உடம்பு எரிக்கிற நிலையில், இருப்பவர்களுக்குக் கணக்கு வேறு. அவர்கள் பொதுவாக நாளுக்கு 50 கிராமுக்குள் மாப்பொருளை நிறுத்துகிறார்கள். அவித்த வெள்ளைச் சோறு 100 கிராமில் 28 கிராம் அளவு மாப்பொருள் இருக்கிறது. எங்கள் வீட்டில் மத்தியானம் வழமையாகக் கோப்பையில் போடுகிற சோற்றைச் சமையல் தராசில் வைத்துப் பார்த்தேன், 350 கிராம் நின்றது. அப்படியென்றால் கறி, பருப்பு எதையும் சேர்க்காமலே இரண்டு நாள் அளவு ஒரே கோப்பையில் போய்விடுகிறது. பாணும் அப்படித்தான், ஒரு றாத்தல் 450 கிராம், அதில் அரைவாசிக்குக் கிட்ட மாப்பொருள், கால் றாத்தலை பருப்புக்கறியோடு சாப்பிட்டாலே அன்றைய 50 தாண்டிவிடும். அப்புறம் உடம்பு பழையபடி கீட்டோனுக்குத் திரும்ப இரண்டு மூன்று நாள் எடுக்கும். ஞாயிறு குழப்பினால் புதன் வரை பாதி வழியில் நிற்பீர்கள், வியாழன், வெள்ளி, சனி ஒழுங்காகப் போகும், பிறகு திரும்ப ஞாயிறு வந்துவிடும்.

சரி, உடம்பு பழகிப்போய்விடும், இடையில் ஒரு நாள் மூட்டிவிட்டால்தான் திரும்ப எரிக்கும் என்கிற கதைக்கு வருகிறேன். அதில் ஒரு துளி உண்மை இருக்கிறது. எடை குறையும்போது பசியை அடக்குகிற லெப்டின் என்கிற ஹோர்மோனும் குறையும், மாப்பொருள் கூடச் சாப்பிட்டால் அது ஏறும். சுவிட்சர்லாந்தில் பெண்கள் சிலருக்கு மூன்று நாள் தேவைக்கு மேல் 40 வீதம் கூடுதலாக மாப்பொருள் கொடுத்துப் பார்த்த ஆய்வொன்று 2000ஆம் ஆண்டில் வந்தது, லெப்டின் 28 வீதம் ஏறியிருக்கிறது, நாள் முழுக்க உடம்பு செலவழிக்கிற சக்தியும் 7 வீதம் கூடியிருக்கிறது. இந்த 7 வீதத்தைத்தான் எல்லோரும் தூக்கிப் பிடிக்கிறார்கள். 40 கூடச் சாப்பிட்டதற்கு 7 கூடச் செலவு, மிச்சம் எங்கே போகும் என்று யாராவது கேட்கிறார்களா? சாப்பாட்டைப் பழையபடி குறைத்தால் லெப்டினும் திரும்ப இறங்கிவிடும்.

இன்னொன்றும் என்னை யோசிக்க வைத்தது. 2019இல் கனடாவில், பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில், ஆரோக்கியமான இளம் ஆண்கள் ஒன்பது பேருக்கு ஏழு நாள் மாப்பொருள் மிகக் குறைந்த, கொழுப்புக் கூடிய சாப்பாடு கொடுத்துவிட்டு, பிறகு 75 கிராம் குளுக்கோஸ் குடிக்கக் கொடுத்தார்கள். ஒரு பெரிய சோடாப் போத்தல் அளவு சீனி என்று வையுங்கள். அவர்களின் இரத்தத்தில் சீனி கூடுதலாக ஏறியதோடு, இரத்தக் குழாயின் உட்சுவர் பாதிக்கப்பட்டதைக் காட்டும் அடையாளங்களும் தெரிந்தன. ஒன்பது பேர் என்பது சின்ன ஆய்வு, அதை வைத்துப் பயமுறுத்த நான் வரவில்லை. ஆனால் மாப்பொருள் இல்லாமல் பழகின உடம்பு திடீரென்று வருகிற சீனியைச் சமாளிக்கத் தடுமாறும் என்பது வைத்தியர்களுக்குப் பழைய விஷயம். குளுக்கோஸ் குடிக்க வைத்துச் சீனி வருத்தம் பார்க்கிற சோதனைக்கு முன்னம் மூன்று நாளாவது தினமும் 150 கிராமுக்குக் குறையாமல் மாப்பொருள் சாப்பிட்டுவிட்டு வரச் சொல்வது இதனால்தான்.

ஆனால் கூடக் கெடுதல் செய்வது இந்த இரசாயனம் எல்லாம் இல்லை, அந்த நாள் போகிற விதம்தான். சீட் டே என்று ஒரு நாளுக்குப் பெயர் வைத்துவிட்டால் அந்த நாளை வீணாக்கக் கூடாது என்கிற பதற்றம் வந்துவிடும். காலையில் சுடச்சுட பாண், சம்பல். பத்து மணிக்குச் சீனி போட்ட பால்தேத்தண்ணியும் ஒரு ரோல்ஸும். மத்தியானம் புரியாணி. பின்னேரம் நிலாவெளிப் பக்கம் போய் ஐஸ்கிறீம். இரவு கொத்து, பசி இல்லை, ஆனாலும் பன்னிரண்டு மணிக்கு முதல் சாப்பிட்டு முடிக்க வேணும், நாளைக்கு இல்லையே! மற்ற நாளில் சோற்றுக்கு ஏங்காத ஆளும் வியாழன், வெள்ளியிலிருந்தே ஞாயிற்றுக்கிழமை என்ன சாப்பிடுவதென்று பட்டியல் போடத் தொடங்கிவிடுவார். அப்படியிருந்தும் எல்லாம் முடியாது, குளிர்சாதனப் பெட்டியில் பாதி கேக் மிச்சம் இருக்கும். கொட்ட மனம் வராது. திங்கள் ஒரு துண்டு, செவ்வாய் ஒரு துண்டு. அந்தக் கேக் முடியும்போது கிழமையும் முடிந்துவிடும்.

இடைவெளி விடுவது எல்லாமே கூடாது என்று நான் சொல்லவில்லை. அவுஸ்திரேலியாவில் பருமனான ஆண்கள் 51 பேரை வைத்துச் செய்து 2017இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு கிழமை குறைத்துச் சாப்பிட்டு, அடுத்த இரண்டு கிழமை எடை ஏறாமலும் இறங்காமலும் நிற்கிற அளவுக்குச் சாப்பிட்டவர்கள், விடாமல் தொடர்ந்து குறைத்தவர்களைவிட நன்றாக எடை குறைந்தார்கள். கவனியுங்கள், அந்த இரண்டு கிழமையும் கண்டபடி சாப்பிடவில்லை, அளந்து கொடுத்திருக்கிறார்கள். களைத்துப் போனால் அப்படி ஓய்வு எடுக்கலாம், நியாயமானதுதான்.

எங்களூருக்கு எனக்குச் சரியாகப் படுவது இதுதான்: கிழமைச் சீட் டேயைத் தூக்கிவிடுங்கள், நல்ல நாள் பெருநாளை விடாதீர்கள். தைப்பொங்கலுக்கு முற்றத்தில் பொங்கின புக்கையை வேண்டாம் என்று சொல்ல முடியுமா? ஆடிப்பிறப்புக் கூழ், சித்திரை வருஷப் பலகாரம், கல்யாண வீட்டுப் பந்தி, ரம்ழான் பெருநாளுக்குப் பக்கத்து வீட்டு ராத்தா கொடுத்துவிடுகிற வட்டிலப்பம், இதெல்லாம் ஆசைக்குச் சாப்பிடுவது இல்லை, உறவுக்குச் சாப்பிடுவது. என் மாமி "ஒரு வாய் சாப்பிட்டிட்டுப் போ பிள்ளை" என்று கையைப் பிடிக்கும்போது கார்ப் கணக்குச் சொல்லிக்கொண்டு நிற்க என்னால் ஏலாது, நிற்கவும் கூடாது. இந்த நாட்கள் தானாகவே வரும், வருஷத்துக்குக் கொஞ்சம்தான் வரும். அதற்கு மேல் ஞாயிற்றுக்கிழமையையும் சேர்ப்பதால்தான் கணக்குப் பிழைக்கிறது.

அன்றைக்கும் ஒரு நேரம் மட்டும். காலையில் முட்டையும் முருங்கையிலை வறையும், இரவு மீன் சொதி, நடுவில் பந்தி. பட்டினி கிடந்துவிட்டுப் போகாதீர்கள். பந்தியிலும் மரக்கறியை முதலில், சோற்றைக் கடைசியில் சாப்பிட்டால் இரத்தத்தில் சீனி ஏறுவது குறையும், இது ஆய்விலும் தெளிவாக வந்த விஷயம். பிறகு கொஞ்சம் நடவுங்கள். கோட்டை வாசலில் இருந்து கோணேஸ்வரம் வரை ஏறி இறங்கினாலே நல்ல நடை. கொடுத்துவிடுகிற பலகாரப் பையை வீட்டுக்குக் கொண்டுபோகாமல் வழியில் யாருக்காவது கொடுத்துவிடுங்கள்.

சீனி வருத்தத்துக்கு இன்சுலின் போடுகிறவர்களும் கிளிக்கிளசைட் போன்ற குளிசை எடுப்பவர்களும் மேலே எழுதின எதையும் தாங்களாகச் செய்து பார்க்க வேண்டாம். மாப்பொருளைக் குறைத்துவிட்டு மருந்தை அதே அளவில் எடுத்தால் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கும், மருந்தைக் குறைத்த பிறகு ஒரு நாள் அள்ளிச் சாப்பிட்டால் மறுபக்கம் ஏறும். எம்பாகிளிஃப்ளோசின் வகைக் குளிசை எடுப்பவர்களுக்கு மாப்பொருளை அதிகம் குறைப்பதே ஆபத்தாகலாம், இரத்தத்தில் அமிலம் கூடுகிற கீட்டோஅசிடோசிஸ் வரக்கூடும். கிளினிக்கில் வாய் திறந்து சொல்லுங்கள், நான் சோற்றை விடப் போகிறேன் என்று.

எனக்கு ஞாயிற்றுக்கிழமையை விடக் கஷ்டம் வெள்ளிக்கிழமை. மற்ற நாளில் பாரை, கணவாய், சுறா வறை என்று மாறி மாறிப் போகும், ஒரு குறையும் தெரியாது. வெள்ளி மச்சம் இல்லை, முட்டையும் இல்லை. பருப்பு, கடலை என்று போனால் அதிலும் மாப்பொருள்தான். மூதூர்த் தயிரைப் பாணி விடாமல் உப்புப் போட்டுச் சாப்பிடுகிறேன், காளானும் கத்தரிக்காய்ப் பால்கறியும் வைக்கிறேன், அதற்கு மேல் ஒன்றும் ஓடுவதில்லை. வெள்ளிக்கிழமைக்குச் சோறு இல்லாமல் வயிறு நிறைகிற மாதிரி ஏதாவது சமைக்கிறவர்கள் செய்முறையை எழுதி அனுப்புங்கள், வருகிற கிழமையே செய்து பார்க்கிறேன்.